பேண்டின் பெயர் யார் பேரில்?

குழு: தில்லைநகர் வீடு
சனிக்கிழமை, இரவு 8:52

கவின்: தாத்தா, நாளைக்கு கார் ஷெட் சாவி வேண்டாம். பிராக்டிஸ் இல்லை.

தாத்தா: நல்லது. பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்லிவிடு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானமாவது மனிதர் தூங்கட்டும்.

அம்மா: ஏன் இல்லை? ஆம்ப் வாடகைக்கு என்று நேற்றுதானே பணம் வாங்கினாய்?

கவின்: டிரம்ஸ் வாசிப்பவன் இனிமேல் தானே பாடப்போகிறேன் என்கிறான். இதுவரை பாடியவன் வேண்டுமானால் டிரம்ஸ் கற்றுக்கொள்ளட்டுமாம். "பேண்டு பெயர் நான் வைத்தது, பேஜ் என் பேரில் இருக்கிறது, பிடிக்காதவர்கள் போகலாம்" என்று சொல்லிவிட்டான்.

சாந்தி சித்தி: பொங்கலுக்குத்தானே ஆரம்பித்தீர்கள்? அதற்குள் பாகப்பிரிவினையா?

முரளி மாமா: மாப்பிள்ளை, இந்த வசனத்தை 1963 ஆகஸ்டில் ஒருவன் ஏற்கெனவே பேசிவிட்டான். அதுவும் அமெரிக்காவில், ஒரிகன் மாநிலத்தில் நான் இருக்கும் ஹில்ஸ்பரோவுக்குப் பக்கத்திலேயே, போர்ட்லாண்டில்.

அம்மா: ஆரம்பித்துவிட்டான். முரளி, அங்கே காலை எட்டரை இருக்குமே, சாப்பிட்டாயா?

முரளி மாமா: தோசை ஆயிற்று அக்கா. இன்றைக்கு லீவுதான், நிதானமாகச் சொல்கிறேன்.

முரளி மாமா: கிங்ஸ்மென் என்று ஒரு பேண்டு. ஐந்து பையன்கள். பாடியவன் ஜாக் ஈலி, டிரம்ஸ் லின் ஈஸ்டன். இரண்டு பேரும் சின்ன வயதிலிருந்தே சிநேகிதர்கள். பள்ளிக்கூட நடனம், சூப்பர் மார்க்கெட் விழா என்று எங்கே கூப்பிட்டாலும் போய் வாசிப்பார்கள். இன்று கராஜ் ராக் என்கிறோமே, வீட்டு ஷெட்டில் ஆம்பைச் செருகி, தெரிந்த மூன்று கிதார் கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களை) வைத்துக்கொண்டு வெளுத்து வாங்குவது, அந்த வகைக்கு முகவரி கொடுத்த பாட்டு இவர்களுடையது. 'லூயி லூயி'.

கவின்: தெரியும் மாமா! கிதார் கிளாஸில் முதலில் சொல்லிக்கொடுத்ததே அதுதான். ஆனால் யார் பாடினார்கள் என்றெல்லாம் பார்த்ததில்லை.

முரளி மாமா: பாட்டு அவர்கள் எழுதியதே இல்லை. லாஸ் ஏஞ்சலிஸில் ரிச்சர்ட் பெர்ரி என்ற கறுப்பினப் பாடகர் எழுதி 1957இல் வெளியிட்டது. ஜமைக்காவில் விட்டுவந்த காதலியை நினைத்து ஒரு கப்பல்காரன் மதுக்கடையில் உட்கார்ந்து புலம்புகிறான். கடைக்காரர் பெயர் லூயி. அவ்வளவுதான் கதை.

சாந்தி சித்தி: அப்போதே சூப் சாங் இருந்திருக்கிறது!

முரளி மாமா: பெர்ரியின் பதிவு கியூபா நடனத் தாளத்தில் சாவகாசமாகப் போகும். 1961இல் பக்கத்து வாஷிங்டன் மாநிலத்து டகோமாக்காரர் ஒருவர் அதை முரட்டு ராக்காக மாற்றினார். அந்த ரெக்கார்டை ஜூக்பாக்ஸில் கேட்டுவிட்டு வந்து ஈலி மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். அதிலும் அடியைத் தப்பாகப் பிடித்துவிட்டான். அப்பா, இது உங்களுக்குப் பிடிக்கும்: 1-2-3-4, 1-2 என்று விழ வேண்டியதை இவன் 1-2-3, 1-2 என்று வெட்டிவிட்டான். இன்று உலகம் முழுக்க வாசிப்பது இந்த வெட்டுப்பட்ட கணக்கைத்தான்.

தாத்தா: ஆறை ஐந்தாக்கினால் ஐந்தைந்தாக எண்ணும் கண்ட நடை ஆகிவிடுமே. மேடையில் எப்படி நின்றான்?

கவின்: அடி மட்டும்தான் தாத்தா ஐந்து. நடுவில் இடைவெளி விடுவார்கள். மொத்தம் நாலு எண்ணிக்கைக்குள்தான் சுற்றும்.

தாத்தா: அப்படியானால் கார்வை என்று சொல். சரி, மேலே போகட்டும்.

முரளி மாமா: 1963 ஏப்ரல். போர்ட்லாண்ட் நகர மையத்தில் ஒரு சின்ன ஸ்டூடியோ. செலவு 50 டாலர் அளவில்தான். மைக்கை எங்கேயோ உயரத்தில் தொங்கவிட்டிருந்தார்களாம். ஈலி கழுத்தை அண்ணாந்துகொண்டு, சுற்றி வாசிக்கும் சத்தத்துக்கு மேலே கத்த வேண்டியிருந்தது. போதாததற்குப் பல்லில் க்ளிப் வேறு போட்டிருந்தான். ஒரு வார்த்தைகூடத் தெளிவாக விழவில்லை. கிதார் சோலோ முடிந்ததும் அவசரப்பட்டு முன்னாலேயே வாயைத் திறந்துவிட்டான், சட்டென்று நிறுத்தினான். பின்னால் ஈஸ்டன் டிரம்ஸில் ஒரு உருட்டு உருட்டிச் சமாளித்தான். ஒரே டேக். அதையே ரெக்கார்டாகப் போட்டுவிட்டார்கள்.

முரளி மாமா: அதே வாரம், அதே ஸ்டூடியோவில், பால் ரிவியர் அண்ட் தி ரெய்டர்ஸ் என்ற பேண்டும் இதே பாட்டைப் பதிவு செய்தது. அது சுத்தமான பதிவு. உள்ளூரில் முதலில் எடுபட்டதும் அதுதான்.

வித்யா: இப்போதுதான் ஆபீஸிலிருந்து வந்து எல்லாவற்றையும் படித்தேன். ஆகஸ்டில் என்ன ஆயிற்று?

முரளி மாமா: ஈஸ்டன் ஒருநாள் பிராக்டிஸுக்கு வந்து, "இனிமேல் நான் முன்னால் நின்று பாடுவேன், ஈலி டிரம்ஸுக்குப் போகட்டும்" என்றான். எப்படிப்பா என்று கேட்டால், பேண்டின் பெயரை அவன் அம்மா எப்போதோ பதிவு செய்து வைத்திருக்கிறார். பெயர் அவர்கள் வீட்டுச் சொத்து. ஈலியும் பேஸ் கிதார் வாசித்த பாப் நார்ட்பியும் கோபித்துக்கொண்டு வெளியே போய்விட்டார்கள். ஏப்ரலில் ஈலி தடுமாறியபோது காப்பாற்றிய அதே கை, நாலு மாதத்தில் வெளியே தள்ளியது.

அம்மா: விவரமான அம்மா.

கவின்: அம்மா!!

முரளி மாமா: அப்புறம்தான் கூத்து. இலையுதிர்காலத்தில் பாஸ்டன் ரேடியோவில் ஒருவர் இந்த ரெக்கார்டை 'இந்த வாரத்தின் மட்டமான பாட்டு' என்று நக்கலுக்குப் போட்டார். ஜனங்கள் கடைக்குப் போய் அதைத்தான் கேட்டு வாங்கினார்கள். டிசம்பரில் பில்போர்டு பட்டியலில் 2ஆம் இடம். முதலிடத்தில் யார் தெரியுமா? பெல்ஜியத்துக் கன்னியாஸ்திரி ஒருவர் கிதாரோடு பிரெஞ்சில் பாடிய பக்திப் பாட்டு.

சாந்தி சித்தி: நல்ல போட்டி 😄

முரளி மாமா: பாட்டு நாடு முழுக்க ஓடுகிறது. பாடியவன் பேண்டிலேயே இல்லை. டிவியில் ஈஸ்டன் வாயசைக்கிறான், வருவது ஈலியின் குரல். ஈலி திரும்பி வரப் பார்த்தான், சேர்க்கவில்லை. அவனும் ஆள் சேர்த்து இன்னொரு கிங்ஸ்மென் ஆரம்பித்து ஊர் ஊராகப் போனான். ஆக ஒரே பெயரில் இரண்டு பேண்டு. ஒன்றிடம் பெயர் இருக்கிறது, இன்னொன்றிடம் குரல் இருக்கிறது.

வித்யா: வழக்கு நிச்சயம்.

முரளி மாமா: போட்டார்கள். கடைசியில் சமரசம். ஈலி அந்தப் பெயரை விட வேண்டும், ஈஸ்டன் ஈலியின் குரலுக்கு வாயசைக்கக் கூடாது. பிறகு அச்சான ரெக்கார்டுகளில் பாடியவர் ஜாக் ஈலி என்று லேபிளில் வந்தது.

தாத்தா: இந்தப் பாட்டுக்கு ஏதோ போலீஸ் விசாரணை என்று எப்போதோ சொன்னாயே, அதுதானா இது?

முரளி மாமா: இதேதான் அப்பா. வார்த்தை புரியாததால் பையன்களே ஆபாச வரிகளைக் கற்பனை செய்து காகிதத்தில் எழுதிக் கைமாற்றிக்கொண்டார்கள். பெற்றோருக்குப் பதற்றம். 1964 ஆரம்பத்தில் இண்டியானா ஆளுநர் மாத்யூ வெல்ஷ், இதை ஒலிபரப்பாதீர்கள் என்று வானொலிக்காரர்களைக் கேட்டுக்கொண்டார். யாரோ ஒரு பெற்றோர் அட்டர்னி ஜெனரலுக்கே கடிதம் போட்டார். அப்போது அந்தப் பதவியில் இருந்தவர் ராபர்ட் கென்னடி. எஃப்.பி.ஐ. இறங்கியது. ரெக்கார்டை 33, 45, 78 என்று வெவ்வேறு வேகத்தில் ஓட்டிக் கேட்டார்கள். இரண்டு வருடத்துக்கும் மேலாக ஃபைல் நடந்தது. முடிவு: எந்த வேகத்தில் ஓட்டினாலும் புரியவில்லை.

கவின்: 😂😂

முரளி மாமா: பாடியவனை ஒருதடவை கூப்பிட்டுக் கேட்டிருந்தால் முடிந்திருக்கும். ஈலியிடம் அவர்கள் பேசவே இல்லை. வேடிக்கை என்னவென்றால் நிஜமான கெட்ட வார்த்தை ஒன்று அதில் இருக்கிறது. முதல் நிமிடம் முடிவதற்குள் டிரம்ஸ் குச்சி தவறி, பின்னாலிருந்து ஈஸ்டன் கத்தியது மெலிதாகக் கேட்கும். ஆய்வுக்கூடத்தின் காதில் அதுவும் விழவில்லை. ஃபைல் இப்போது எஃப்.பி.ஐ. தளத்திலேயே கிடைக்கிறது. சும்மா ஒரு மழைநாளில் படித்தேன். அரசாங்க நடையில் இவ்வளவு நகைச்சுவை வேறெங்கும் கிடைக்காது.

இரவு 9:41

தாத்தா: பாட்டைத் தேடிப் போட்டுக் கேட்டேன். லூயி என்பது மட்டும் புரிந்தது. அந்தப் பையன் அவசரப்பட்ட இடம் தெரிந்தது. டிரம்ஸ்காரன் நன்றாகவே ஏந்தியிருக்கிறான்.

அம்மா: அப்பா, ஒன்பதரைக்கு மாத்திரை போட வேண்டும். போட்டீர்களா?

தாத்தா: இதோ.

கவின்: பேண்டு எப்போது முடிந்தது மாமா?

முரளி மாமா: உடனே முடியவில்லை. ஆள் மாறி ஆள் வந்து ஓட்டினார்கள். 1965இல் ஒரு காமெடிப் பாட்டு 4ஆம் இடம்வரை போனது. அது ஈஸ்டன் பாடியது. பீட்டில்ஸ் வந்ததால் இவர்கள் போனார்கள் என்று சிலர் எழுதுவார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பீட்டில்ஸ் வந்தபிறகும் இரண்டு வருடம் இவர்களுக்குக் கூட்டம் இருந்தது. ஈலி போனதோடு அந்தக் காட்டுத்தனம் போய்விட்டது என்பதுதான் என் கட்சி. மிச்சம் இருந்தது நல்ல பார்ட்டி பேண்டு. 1967இல் ஈஸ்டனே விலகிவிட்டான், அடுத்த வருடம் கடையை மூடினார்கள்.

முரளி மாமா: ஒன்றை விட்டுவிட்டேன். கீபோர்டு வாசித்த டான் கலூச்சிக்குப் பள்ளிக்கூட வயது. டூர் போக முடியாமல் அவனும் நின்றுவிட்டான். பிற்பாடு 1970இல் ஸ்டூஜஸ் என்ற பேண்டின் ஆல்பம் ஒன்றைத் தயாரித்தது அவன்தான். பங்க் ராக் என்று பின்னால் வந்ததற்கு அவர்களைத்தான் மூதாதைகள் என்பார்கள். அதனால் அக்கா, படிப்புக்காக பேண்டை விட்டவனும் வீணாய்ப் போகவில்லை.

அம்மா: இதை மட்டும் அவனுக்குப் பெரிய எழுத்தில் அனுப்பு. செமஸ்டர் வருகிறது.

வித்யா: பணம் என்ன ஆயிற்று? அதைச் சொல்லாமல் தாண்டுகிறீர்கள்.

முரளி மாமா: நீ கேட்பாய் என்று தெரியும். 1968 ஒப்பந்தப்படி ஒரிஜினல் பதிவுகளை கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்கள். பதிலுக்கு லாபத்திலும் உரிமக் கட்டணத்திலும் 9 சதவீதம். அந்தப் பதிவுகள் கைமாறிக் கைமாறிப் போயின. சினிமா, விளம்பரம், தொகுப்பு ஆல்பம் எல்லாவற்றிலும் பாட்டு ஓடியது. பேண்டுக்கு ஒரு பைசா வரவில்லை.

வித்யா: அப்புறம்?

முரளி மாமா: 1993இல் லாஸ் ஏஞ்சலிஸில் வழக்குப் போட்டார்கள். இருபத்தைந்து வருடம் கழித்து வந்தால் எப்படி என்று எதிர்த்தரப்பு வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒப்பந்தத்தையே ரத்து செய்து, பதிவுகள் பேண்டுக்கே சொந்தம் என்றது. 1998இல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது, உச்ச நீதிமன்றம் கையில் எடுக்கவே மறுத்துவிட்டது.

வித்யா: பாக்கித் தொகையை மட்டும் கேட்காமல் ஒப்பந்தத்தையே ரத்து செய்யச் சொன்னார்களே, அங்கேதான் வக்கீல் நிற்கிறார். எனக்குப் பிடித்திருக்கிறது.

சாந்தி சித்தி: எழுதினவருக்கு? கப்பல்காரன் பாட்டு எழுதினாரே, அவருக்கு ஏதாவது கிடைத்ததா?

முரளி மாமா: பெர்ரி 1959இல் உரிமையை 750 டாலருக்கு விற்றுவிட்டார் சித்தி. கல்யாணச் செலவுக்கு.

முரளி மாமா: சித்தி இல்லை, சாந்தி. இந்தக் குழுவில் எல்லாரும் உன்னைச் சித்தி என்பதால் எனக்கும் வந்துவிட்டது.

சாந்தி சித்தி: பரவாயில்லை அண்ணா. கல்யாணத்துக்காகப் பாட்டை விற்றாரா? பாவம்.

முரளி மாமா: 1980களின் நடுவில் ஒரு மதுபான விளம்பரத்துக்குப் பாட்டு தேவைப்பட்டது. அதற்கு இவர் கையெழுத்து வேண்டும் என்று தேடி வந்தார்கள். அந்தச் சந்தர்ப்பத்தில் வக்கீல் வைத்து உரிமையில் பெரும் பங்கை மீட்டுவிட்டார். நல்ல பணம் வந்தது. 1997இல் காலமானார், கடைசிப் பத்து வருடமாவது நிம்மதியாக இருந்திருப்பார். ஈலி இங்கே ஒரிகனின் நடுப்பகுதியில் குதிரை பழக்கிக்கொண்டு வாழ்ந்தார். 2015இல், 71 வயதில் இறந்தார். உள்ளூர்ப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின.

கவின்: அவன் இவன் என்று பேசிக்கொண்டிருந்துவிட்டுக் கடைசியில் 'வாழ்ந்தார்' என்கிறீர்கள்.

முரளி மாமா: ரெக்கார்டு போட்டபோது உன் வயதுடா அவருக்கு.

வித்யா: கவின், கேள். பேண்டு பெயரை டிரேட்மார்க்காகப் பதிய முடியும், பொழுதுபோக்குச் சேவைகளுக்கான 41ஆம் வகுப்பு. ஒருவன் பேரில் வேண்டாம், ஐந்து பேர் பேரிலும் போடுங்கள். யாராவது விலகினால் பெயர் யாருக்கு, பாட்டு யாருக்கு என்று ஒரு பக்கத்துக்கு எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். இன்னொன்று, நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்துக்குப் பிறகு பாடியவருக்கும் வாசித்தவருக்கும் ராயல்டி உரிமை இருக்கிறது. யார் எதில் பாடினார்கள் என்று இப்போதே எழுதி வையுங்கள்.

கவின்: இரண்டு பாட்டுதான் அக்கா இருக்கிறது. அதில் ஒன்று பாதிதான் முடிந்திருக்கிறது.

வித்யா: ஈலியிடம் ஒன்றுதான் இருந்தது.

தாத்தா: பாடுகிற பையனையும் டிரம்ஸ்காரனையும் நாளைக்கு மத்தியானம் சாப்பிட வரச்சொல். ஷெட்டை அப்புறம் பார்க்கலாம்.

கவின்: சரி தாத்தா. அக்கா, பேஜில் அட்மின் யார் என்று இப்போதுதான் பார்த்தேன். அவன்கூட இல்லை. அவன் அம்மா!

அம்மா: நம்பர் அனுப்பு. நான் பேசிக்கொள்கிறேன்.

கவின்: வேண்டவே வேண்டாம் அம்மா.

முரளி மாமா: அனுப்பாதே மாப்பிள்ளை.