மகள் ஆங்கில இலக்கியத்தில் முதுகலை படிக்கிறேன் என்கிறாள், இதில் என்ன கிடைக்கும்?

செங்காங் அப்பா
வணக்கம். மகள் ஆங்கில இலக்கியத்தில் இளங்கலை முடித்துவிட்டாள். ஒரு நிறுவனத்தில் வேலையும் கிடைத்திருக்கிறது. அது வேண்டாம், முதுகலை ஆய்வு செய்யப் போகிறேன் என்கிறாள். நான் முப்பது வருடமாகச் சிங்கப்பூரில், துவாசில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறேன். இந்தப் படிப்பைப் பற்றிச் சொல்ல எங்கள் வீட்டில் ஆள் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஈசூன் பொறியாளர்
அண்ணே, என்னைக் கேட்டால் வேண்டாம். இரண்டு வருடம் சம்பளம் இல்லை, மத்திய சேமநிதியில் (மசேநி) ஒரு காசு ஏறாது. முடித்த பிறகு பல்கலைக்கழகத்தில் வேலை என்றால் விரல் விட்டு எண்ணக்கூடிய இடங்கள்தான். பள்ளியிலேயே பிள்ளைகள் இந்தப் பாடத்தை விட்டு விலகிவிட்டார்கள். 1992-ல் உயர்நிலைப் பள்ளி முடிவில் எழுதும் சாதாரண நிலைத் தேர்வில் ஏறக்குறைய 48 விழுக்காட்டினர் ஆங்கில இலக்கியம் எழுதினார்கள். 2012-ல் அது 9 விழுக்காடு. நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கு இது. புத்தகம் படிக்கத்தான் ஆசை என்றால் நூலகம் இருக்கிறது, இலவசமாகவே படிக்கலாம்.

பிடோக் ஆசிரியை
தம்பி, அந்த 9 விழுக்காடு இலக்கியத்தை முழுப் பாடமாக எடுத்தவர்கள் மட்டும். 2001-க்குப் பிறகு சமூகக் கல்விப் பாடத்தோடு சேர்த்து அரைப் பாடமாகப் படித்தவர்கள் அதில் வரமாட்டார்கள். ஆனாலும் சரிவு உண்மைதான். அதைப் பார்த்து எனக்கும் வருத்தம் உண்டு.

உயர்நிலைப் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே பகுதிநேரமாக முதுகலை முடித்தவள் நான். என்ன கிடைத்தது என்று சொல்கிறேன். என் ஆய்வு வெள்ளைக்காரர்களின் மலாயாப் பயண நூல்களைப் பற்றியது. இசபெல்லா பேர்ட் என்ற ஆங்கிலேயப் பயண எழுத்தாளர் 1879-ல் சிங்கப்பூர் வந்தார். 1883-ல் வெளிவந்த அவருடைய நூலில் நம்மவர்களை 'கிளிங்' என்றே எழுதுகிறார். படித்ததும் எனக்குக் கோபம். 'இவர் நம்மை இழிவுபடுத்துகிறார்' என்று முதல் வரைவில் பக்கம் பக்கமாக எழுதினேன். ஆய்வுக்கு வழிகாட்டிய நெறியாளர் ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதித் திருப்பிக் கொடுத்தார்: 'எந்த வாக்கியத்தில்?'

அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேட எனக்கு நான்கு மாதம் ஆனது. அந்தச் சொல் வருகிற இடங்களையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். கலிங்கத்திலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் பழைய பெயர் அது. பல இடங்களில் வெறும் அடையாளம். சில இடங்களில் வியப்பும் இருக்கிறது. சில இடங்களில்தான் அதோடு ஒரு ஏளனம் ஒட்டிக்கொண்டு வருகிறது. எங்கே ஒட்டுகிறது, பக்கத்தில் என்ன சொல் நிற்கிறது என்று காட்டிய பிறகுதான் என் கோபத்துக்கு ஆதாரம் கிடைத்தது. நாளடைவில் அது வசைச்சொல்லாகவே ஆகிவிட்டது. 1920களின் தொடக்கத்தில் கிளிங் தெருவைச் சூலியா தெரு என்று மாற்றியது அதனால்தான். ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் போகிற நம்மவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

நூலகத்தில் புத்தகம் கிடைக்கும், சரி. 'எந்த வாக்கியத்தில்?' என்று கேட்க ஆள் கிடைக்குமா?

உட்லண்ட்ஸ் தமிழன்
ஆங்கில இலக்கியம் என்கிற பாடமே ஆட்சியைக் காப்பாற்ற நம் மண்ணில் ஊன்றப்பட்டதுதானே! இந்தியர்களுக்கு ஆங்கிலக் கல்விதான் வேண்டும் என்று ஆங்கிலேய அதிகாரி மெக்காலே 1835-ல் எழுதிய குறிப்பு எல்லோருக்கும் தெரியும். அதற்கு ஏன் இன்னும் நம் பிள்ளைகள் காசு கொட்ட வேண்டும்? தமிழில் முதுகலை படிக்கச் சொல்லுங்கள்.

பிடோக் ஆசிரியை
ஐயா, நீங்கள் சொல்லும் வரலாற்றை நான் படித்ததே அந்த வகுப்பில்தான். அப்புறம், தமிழையும் அந்த ஆய்வுதான் எனக்குத் திருப்பிக் கொடுத்தது. பேர்ட் நூல் வந்து பத்து வருடத்தில், 1893-ல், 'குதிரைப் பந்தய லாவணி' என்ற பாட்டு நூல் சிங்கப்பூரை நம் மொழியில் பாடுகிறது. வந்து போன ஒரு பெண் பார்த்த ஊரும், இங்கே புழங்கிய ஒருவர் பாடிய ஊரும் பக்கத்தில் பக்கத்தில் என் மேசையில் கிடந்தன. இளங்கலை படித்தபோது லாவணியின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

தோ பாயோ மாணவர்
நான் பாதியில் விட்டவன், அதையும் கேளுங்கள். உபகாரச் சம்பளம் முடிந்தது, ஆய்வேடு முடியவில்லை. நெறியாளர் ஒரு வருடம் வெளிநாட்டில் இருந்தார். அறையில் தனியாக உட்கார்ந்து ஒரே அத்தியாயத்தை ஆறு முறை மாற்றி எழுதினேன். எனக்கு 'எந்த வாக்கியத்தில்?' என்று கேட்க ஆள் இல்லை, அக்கா. அதனால் சேருமுன் மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள். பணம் எத்தனை மாதத்துக்கு? நெறியாளர் அந்தக் காலம் முழுவதும் ஊரில் இருப்பாரா? அவரிடம் முன்பு படித்தவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள்?

வேலைக்குப் போன பிறகும் படிக்கலாம். நம் ஊர் ஆங்கிலக் கவிஞர் எட்வின் தம்பு தெரியும் அல்லவா, அப்பா தமிழர். 1957-ல் பட்டம் வாங்கியவர், வருமான வரித்துறை, மசேநிக் கழகம் என்று ஒன்பது வருடம் வேலை பார்த்துவிட்டு 1966-ல்தான் பல்கலைக்கழகத்துக்குள் வந்தார். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஆப்பிரிக்கக் கவிதைகளை ஆராய்ந்து 1970-ல் முனைவர் ஆனார்.

ஈசூன் பொறியாளர்
இதைத்தான் நானும் சொல்கிறேன்! முதலில் வேலை, பிறகு படிப்பு. ஆசிரியை அக்காவும் சம்பளம் வாங்கிக்கொண்டேதான் படித்திருக்கிறார். 'எந்த வாக்கியத்தில்' கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதற்காக வீட்டு வருமானத்தை நிறுத்துவது நியாயமாகப் படவில்லை.

பிடோக் ஆசிரியை
பகுதிநேரத்தில் நான் இழந்ததும் உண்டு, தம்பி. மாணவர் நோட்டுகளைத் திருத்தி முடித்து இரவு பதினொரு மணிக்கு ஆய்வைத் திறந்தால் மூளை ஓடாது. முழுநேரமாக இருந்திருந்தால் லாவணிக்கு ஒரு அத்தியாயமே ஒதுக்கியிருப்பேன். அது அடிக்குறிப்பாகப் போனது இன்றும் எனக்கு வலிக்கிறது.

செங்காங் அப்பா
எல்லாவற்றையும் படித்தேன். நேற்று இரவு மகளிடம், எதைப் பற்றி ஆராயப் போகிறாய் என்று கேட்டேன். இத்தனை நாள் அதை நான் கேட்கவே இல்லை. நம் ஊர் ஆங்கிலக் கவிதைகளில் வெளிநாட்டு ஊழியர்கள் எப்படி வருகிறார்கள் என்று பார்க்கப் போகிறாளாம். 'அப்பா, உங்கள் பட்டறைக்காரர்களைப் பற்றித்தான்' என்றாள். எனக்குப் பேச்சு வரவில்லை.

வேலையில் சேர்ந்து ஒரு வருடம் பார்க்கட்டும், பிறகு முழுநேரமா பகுதிநேரமா என்று அவளே முடிவெடுக்கட்டும் என்று பேசியிருக்கிறோம். தோ பாயோ தம்பி சொன்ன மூன்று கேள்வியையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆசிரியை அம்மா, அவள் இரண்டு பக்கத்தில் ஆய்வுத் திட்டம் ஒன்று எழுதி வைத்திருக்கிறாள். அனுப்பினால் ஓரத்தில் கேள்வி எழுதிக் கொடுப்பீர்களா?