ஃபோர் வீல் டிரைவ் வேன் ஸ்னோவுல பிரேக் புடிச்சா நிக்கல, அவசரம்

புதுவரவு:
வணக்கம். வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது, பசங்க அம்மா எல்லாரும் சேர்ந்து போகணுமேன்னு செகண்ட் ஹேண்ட்ல ஒரு வேன் எடுத்தோம், ஃபோர் வீல் டிரைவ் இருக்கு ஸ்னோவ பத்தி கவலையே வேணாம்னு சொல்லித்தான் வித்தாங்க. இன்னைக்கு காலைல இறக்கத்துல பிரேக் புடிச்சா வண்டி பாட்டுக்கு வழுக்கிட்டே போகுது, பெடல் காலுக்கடியில தடதடன்னு அடிக்குது, நிறுத்தக் கோட்ட தாண்டிதான் நின்னுச்சு. கை இன்னும் நடுங்குது. நாளைக்கு அம்மாவ ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போயே ஆகணும். வண்டில கோளாறா?

வடக்குவாசி:
வேன் ஏங்க எடுத்தீங்க, எஸ்யூவி எடுத்திருக்கலாமே. நான் வந்த புதுசுல வண்டியே கிடையாது, இருட்டுல பஸ்ஸுக்கு நின்னு நின்னு கண் இமையெல்லாம் ஐஸ் புடிச்சிரும், ஷிஃப்ட் முடிஞ்சு வந்தா திரும்ப அதே இருட்டு. அந்த மாசங்கள நினைச்சா இப்பவும் நெஞ்ச அடைக்குது.

வேன்பிரியன்:
வேனுக்கு என்ன குறை? பின்னாடி மணல் மூட்டை போடுங்க, கிரிப் வரும்.

மெக்கானிக்தம்பி:
அது ரியர் வீல் டிரைவ், அதாவது பின் வீலுக்கு மட்டும் பவர் போற வண்டிக்கு சொல்றது அண்ணா. இதுல எடைய ஏத்தினா இறக்கத்துல நிறுத்துறது இன்னும் கஷ்டம்.

வடக்குவாசி:
இதெல்லாம் யார் சொல்லித் தர்றா நமக்கு? விக்கிறவன் வித்துட்டு போயிடறான். நாம வாசல்ல வழி வெட்டி வச்சா, ஸ்னோ தள்ளுற வண்டி வந்து திரும்ப அங்கயே குவிச்சிட்டு போகுது.

மலர்க்கா:
கொஞ்சம் இருங்கப்பா, அவங்க கேட்டதுக்கு வருவோம். தம்பி, டயர் என்னன்னு நீங்க சொல்லவே இல்லையே? ஓரத்துல மூணு முகட்டு மலையும் அதுக்குள்ள ஸ்னோஃப்ளேக்கும் இருக்கா பாருங்க.

புதுவரவு:
மலை படம் இல்லக்கா. எம் ப்ளஸ் எஸ்னு மட்டும் இருக்கு.

மலர்க்கா:
அங்கதான் பிரச்சனை. நாலு வீலுக்கும் பவர் போறது வண்டிய கிளப்பத்தான் உதவும், நிறுத்துறதும் வளைவுல புடிச்சு நிக்கிறதும் டயர் கையிலதான். நல்லா கிளம்புதேன்னு நம்பி வேகம் போயிடுவோம், அதுதான் ஆபத்து. சாதாரண டயர் ரப்பர் 7 டிகிரிக்கு கீழ இறுகிப்போகும், விண்டர் டயர் ரப்பர் குளிர்லயும் மிருதுவா இருக்கும். எம் ப்ளஸ் எஸ்னா மட் அண்ட் ஸ்னோ, சேறும் ஸ்னோவும்; அத போட ஸ்னோ டெஸ்ட் தேவையில்ல, மலை படத்துக்கு தேவை. நாலையும் மலை படம் போட்ட விண்டர் டயரா ஒரே மாதிரி மாத்துங்க, ரெண்டு மட்டும் வேணாம்.

பெடல் அடிச்சது ஏபிஎஸ், பிரேக் புடிக்கிறப்ப வீல் சுத்தாம பூட்டிக்காம பாத்துக்கிற சிஸ்டம், அது கோளாறு இல்ல. கால எடுக்காம அழுத்தியே புடிங்க, விட்டு விட்டு மிதிக்காதீங்க.

நாளைக்கு இந்த டயரோட அம்மாவ ஏத்தாதீங்க, டாக்ஸி சொல்லிருங்க.

மெக்கானிக்தம்பி:
அக்கா சொன்னதேதான். வேன் உயரமா வேற இருக்கு, பாலத்து மேல பக்கக் காத்து தள்ளும், அங்கதான் ஐஸும் முதல்ல புடிக்கும். குளிர்ல டயர்ல காத்தும் இறங்கிரும், வண்டி ஆறினப்புறம் செக் பண்ணுங்க. ஸ்னோவுல புதைஞ்சா இன்ஜின ஓட விடறதுக்கு முன்னாடி சைலன்சர் வாய சுத்தி தோண்டி விட்ருங்க, இல்லன்னா புகை உள்ள வரும்.

புதுவரவு:
டாக்ஸி சொல்லிட்டேன்க்கா. டயர் கடைக்கு சனிக்கிழமை போறேன்.