நடனத்தை விலக்கிவிட்டுக் கேட்க வேண்டிய மைக்கேல் ஜாக்சன் பாடல்கள் எவை?

கேட்டவர்: கடலோரன்

மைக்கேல் ஜாக்சன் என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருபவை மூன்வாக்கும் (முன்னே நடப்பதுபோல் காட்டிப் பின்னே வழுக்கிச் செல்லும் ஆட்டம்), பளபளக்கும் ஒற்றைக் கையுறையும், ‘திரில்லர்’ காட்சிப்படமும்தான். அவர் எத்தகைய பாடகர் என்பதைப் பலர் கவனிக்காமல் போனதற்கு அந்த ஆட்டத்தின் புகழே காரணமாகிவிட்டது என்பது என் நெடுநாள் எண்ணம். ஆகவே, காட்சி எதுவும் இல்லாமல் செவியை மட்டுமே நம்பிக் கேட்கத்தக்க பாடல்களைத் தொகுத்து வருகிறேன். நான் தேர்ந்தவற்றைச் சொல்கிறேன். நீங்கள் எவற்றைச் சேர்ப்பீர்கள், அவற்றில் எந்த இடத்தைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்பதை எழுதுங்கள்.

என்னளவில் முதலிடம் ‘ஹியூமன் நேச்சர்’ பாடலுக்குத்தான். 1982 நவம்பர் இறுதியில் வெளிவந்த ‘திரில்லர்’ இசைத்தொகுப்பின் 9 பாடல்களுள் கடைசியாக வந்து சேர்ந்தவற்றில் இதுவும் ஒன்று. டோட்டோ என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவைச் சேர்ந்த ஸ்டீவ் போர்க்காரோ, பள்ளியில் மனம் நொந்து திரும்பிய தம் சிறு மகளைத் தேற்றியபோது பிறந்த மெட்டு இது. தயாரிப்பாளர் குயின்சி ஜோன்ஸுக்கு வேறு பாடல்களுக்காக அனுப்பப்பட்ட ஒலிநாடாவில் இந்த மெட்டு அரைகுறையாகப் பதிந்திருந்தது. நாடா நிறுத்தப்படாமல் ஓடிக்கொண்டிருந்ததால்தான் அவர் காதில் விழுந்தது. பிறகு ஜான் பெட்டிஸ் அதற்குப் புதிதாகச் சொற்கள் எழுதினார். இரவு நேரத்து நகரம் தன்னை அழைப்பதாக உணரும் ஒருவனின் பாட்டு. பல்லவியில் ‘ஏன்’ என்று கேட்கும் இடத்தில் ஜாக்சன் குரலை உயர்த்துவதே இல்லை. சொல்லில் பாதியை மூச்சாகவே விட்டுவிடுகிறார். 1985இல் ஜாஸ் இசைக்கலைஞர் மைல்ஸ் டேவிஸ் இந்த மெட்டைத் தம் டிரம்பெட்டில் எடுத்துக்கொண்டதைக் கேட்டால், சொற்கள் இல்லாமலும் அது தனித்து நிற்பது புரியும்.

அடுத்து, 1979ஆம் ஆண்டின் ‘ஆஃப் த வால்’ தொகுப்பிலுள்ள ‘ஷீஸ் அவுட் ஆஃப் மை லைஃப்’. டாம் பாலர் எழுதிய இந்தப் பாடலை ஒவ்வொரு முறை பதிவு செய்தபோதும் முடிவில் ஜாக்சன் அழுதுவிட்டதாகவும், அந்தத் தழுதழுப்பை நீக்க வேண்டாம் என்று தீர்மானித்ததாகவும் குயின்சி ஜோன்ஸ் கூறியிருக்கிறார். கடைசிச் சொல் உடையும் இடத்தை இன்றும் தெளிவாகக் கேட்கலாம்.

மூன்றாவது, ‘ஸ்ட்ரேஞ்சர் இன் மாஸ்கோ’. 1993 செப்டம்பரில் ‘டேஞ்சரஸ்’ சுற்றுப்பயணத்தின்போது மாஸ்கோவில் எழுதியது. 1995இல் ‘ஹிஸ்டரி’ தொகுப்பில் வந்தது. சிறுவன் ஒருவன் தொடர்பான பாலியல் குற்றச்சாட்டு அவர்மீது எழுந்து உலகச் செய்தியாகியிருந்த நாட்கள் அவை. அந்தப் பின்னணி தெரியாதவர்களுக்கும் பாடலில் கவிந்திருக்கும் தனிமை எட்டிவிடும். பாடல் நெடுகிலும் அடக்கியே பாடிவந்தவர் இறுதிப் பகுதியில்தான் குரலைத் திறந்து விடுகிறார். ‘எர்த் சாங்’ பலருக்கும் உயிரான பாடல் என்று அறிவேன். என்றாலும் அதன் பெரும் சேர்ந்திசையில் அவர் குரலின் நுணுக்கங்கள் எனக்குக் கிடைப்பதில்லை என்பதால் சேர்க்கவில்லை.

பதில்: வீணைக்கொடி

உங்கள் மூன்றும் எனக்கும் உவப்பானவை. ஆனால் மெதுவான பாடல்களில் மட்டுமே அவர் பாடகராக வெளிப்படுகிறார் என்ற எண்ணத்தை உங்கள் பட்டியல் தந்துவிடும் என்று அஞ்சுகிறேன். எனவே ‘பில்லி ஜீன்’ பாடலை அவசியம் சேர்க்க வேண்டும் என்பேன். 1983 மே மாதம் மோடவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் 25ஆம் ஆண்டு விழா தொலைக்காட்சியில் ஒளிபரப்பான பிறகு அது மூன்வாக்கின் பாடலாக மாறிவிட்டது. அதன் ஒலிக்குள் எவ்வளவு உழைப்பு இருக்கிறது என்பது பின்னுக்குப் போய்விட்டது.

நல்ல ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். முதலில் வருவது லியோன் சான்ஸ்லரின் டிரம்ஸ், அலங்காரம் ஏதுமின்றி. அதன்மேல் லூயிஸ் ஜான்சனின் பேஸ் கிதார் நடக்கத் தொடங்கும். சற்று நேரம் கழித்துத்தான் சின்தசைசர் சுருதிக்கூட்டுகள் வந்து சேரும். ஒலிப்பொறியாளர் புரூஸ் ஸ்வீடியன் இந்தப் பாடலுக்கு 91 ஒலிக்கலவைகள் செய்து பார்த்துவிட்டு, கடைசியில் இரண்டாவது கலவையையே தேர்ந்தார்கள் என்று சொல்லியிருக்கிறார். பின்னணியில் வரும் சில குரல் வரிகளை ஆறடி நீள அட்டைக் குழாய் ஒன்றின் வழியாக ஜாக்சன் பாடியிருக்கிறார். அவை எங்கோ தள்ளி நின்று ஒருவர் முணுமுணுப்பதைப் போல ஒலிப்பதற்கு அதுவே காரணம்.

முன்னணிக் குரலைச் சொல்லாமல் விட முடியாது. வரிகளின் இடையே அவர் விடும் விக்கல் போன்ற சிறு ஒலிகளைச் சிலர் வெறும் பாணி என்று ஒதுக்குவார்கள். ஒருமுறை அவற்றை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். ஒவ்வொன்றும் தாளத்தின் இடைவெளியில், டிரம்ஸ் தொடாத இடத்தில் விழுகிறது.

பதில்: மழைத்தாளம்

வீணைக்கொடி கடைசியாகச் சொன்னதிலிருந்தே தொடர்கிறேன். எந்த இசைக்கருவியிலும் தேர்ச்சி பெற்றவர் என்று தம்மை ஜாக்சன் சொல்லிக்கொண்டதில்லை. மனத்தில் தோன்றும் பாடலின் டிரம்ஸ், பேஸ், தந்திக்கருவிகள் என ஒவ்வொரு பகுதியையும் வாயாலேயே பாடிப் பதிவு செய்து, அதை இசைக்கலைஞர்களிடம் கொடுப்பதே அவர் வழக்கம். தாளச் சொற்கட்டுகளை வாயாலேயே சொல்லும் கொன்னக்கோல் கேட்டுப் பழகிய நமக்கு, தாளத்தை முதலில் நாவில் பிடித்து அதன் பிறகு கருவிக்குக் கொண்டுபோகும் அந்த முறை அந்நியமாகத் தோன்றாது.

இதை நேரடியாக உணர ‘டேஞ்சரஸ்’ தொகுப்பிலுள்ள ‘ஹூ இஸ் இட்’ பாடலைப் பரிந்துரைக்கிறேன். 1993 பிப்ரவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரேயுடனான நேரலைப் பேட்டியில், ஒரு வரி பாடிக் காட்டும்படி கேட்டபோது, துணைக்கருவி எதுவும் இல்லாமல் இந்தப் பாடலைத்தான் பீட்பாக்ஸ் செய்தபடியே, அதாவது வாயாலேயே தாள ஒலிகளை எழுப்பியபடியே பாடினார். முதலில் அந்தப் பேட்டித் துண்டைக் கேட்டுவிட்டு உடனே முழுப் பாடலுக்குப் போனால், இசைத்தட்டில் ஒலிக்கும் தாளம் முன்பே அவர் வாயில் இருந்ததை அறியலாம்.

இன்னொன்று, ‘வான்னா பீ ஸ்டார்ட்டின் சம்திங்’. அதன் இறுதியில் திரும்பத் திரும்ப வரும் குழுப்பாட்டு, கேமரூன் நாட்டு சாக்சஃபோன் கலைஞர் மனு டிபாங்கோவின் ‘சோல் மகோசா’விலிருந்து வந்தது. அனுமதி கேட்காமல் எடுத்தாண்டதால் டிபாங்கோ வழக்குத் தொடர்ந்தார். பிறகு உடன்பாடு ஏற்பட்டது. இப்பாடலைக் கொண்டாடும் நாம் டிபாங்கோவின் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பதில்: சாலைமுனை

அனைவரும் அருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கேள்வியின் அடிப்படையோடு எனக்கு உடன்பாடில்லை. ‘பில்லி ஜீன்’ பாடலின் முன்னிசை மிக நீளமாக இருக்கிறது, குறைத்துவிடலாம் என்று குயின்சி ஜோன்ஸ் சொன்னபோது, தன்னை ஆடத் தூண்டுவதே அந்தப் பகுதிதான் என்று ஜாக்சன் மறுத்துவிட்டார். நாம் இன்று செவியால் மட்டும் ரசிக்கும் அந்த நீண்ட தொடக்கம் நிலைத்ததே அவர் கால்களால்தான். ஆட்டத்தை விலக்கிவிட்டு அவர் பாட்டைத் தனியே எடுத்துவிட முடியும் என்று நான் நம்பவில்லை.

இருந்தாலும் ஒரு பாடலைத் தருகிறேன்: 1987இல் வந்த ‘மேன் இன் த மிரர்’. எழுதியவர்கள் சைடா காரெட்டும் கிளென் பல்லார்டும். மாற்றத்தைக் குறிக்கும் ‘சேஞ்ச்’ என்ற ஒற்றைச் சொல் வரும்போதே சுருதியும் அரைப்படி மேலேறி, ஆண்ட்ரே கிரவுச்சின் சேர்ந்திசைக் குழு முழு வலிமையோடு நுழைகிறது. அந்த இடத்தில் அவர் பாடகராக மட்டும் இல்லை. தேவாலயத்தில் கூட்டத்தை எழுப்பும் போதகரைப் போல, குழுவோடு மாறி மாறிக் குரல் கொடுக்கிறார்.

கேட்டவர்: கடலோரன்

மூவரும் எழுதியதை அடுத்தடுத்து வைத்துப் படித்தேன். சாலைமுனையின் மறுப்பு நியாயமானது. ஆட்டம் அந்தத் தாளத்துக்குள்ளேயே இருக்கிறது என்பதை ஏற்கிறேன். ஆயினும் திரையை அணைத்துவிட்டுக் கேட்டால்தான் அது குரலில் எங்கே இருக்கிறது என்று தெரிகிறது என்பேன். ‘பில்லி ஜீன்’, ‘ஹூ இஸ் இட்’, ‘மேன் இன் த மிரர்’ மூன்றையும் சேர்த்துவிட்டேன். ‘ஹூ இஸ் இட்’ பாடலை மழைத்தாளம் சொன்னபடி பேட்டித் துண்டுக்கு அடுத்தே வைத்திருக்கிறேன். அவர் சிறுவயதில் அண்ணன்மாருடன் பாடிய ஜாக்சன் ஃபைவ் குழுவின் காலத்துப் பாடல்கள் எதையும் இதுவரை யாரும் சொல்லவில்லை. 1970இல் வந்த ‘ஐல் பீ தேர்’ பாடலைப் பதினொரு வயதில் பாடியவரின் குரலைப் பற்றி, விவரமாக எழுதக் கூடியவர்கள் இங்கே இருந்தால் தொடருங்கள்.