காவிரிப் படுகை 1டி மாடல்: வெப்பம் பொருந்துகிறது, விட்ரினைட் பொருந்தவில்லை

மண்ணடி:
அரியலூர்–புதுச்சேரி துணைப்படுகையில் ஒரு எண்ணெய்க் கிணறு. அதன் அடுக்குகள் புதைந்து சூடான வரலாற்றை, அந்த ஒரே கிணற்றின் செங்குத்துக் கோட்டில் (1டி) மாடலாக ஓட்டுகிறேன். 3,400 மீட்டரில் கருவி இறக்கி லாக் எடுத்தபோது பதிவான அடிவெப்பம் 122 டிகிரி செல்சியஸ்; மாடலும் அதையே தருகிறது. ஆனால் அதே ஆழத்து ஆண்டிமடம் ஷேலில் (களிப்பாறை) அளந்த விட்ரினைட் எதிரொளிப்பு (பாறையிலுள்ள தாவரத் துகளின் பளபளப்பு; பாறை சூடாகச் சூடாக ஏறும்) 0.95%, மாடலில் 0.75%. கிரெட்டேசியஸ் காலத்தின் முடிவில் 300 மீட்டர் அரிப்பு என்று மாடலில் கொடுத்திருந்தேன். 900 ஆக்கியும் எண் அசையவில்லை. அதன்மேல் 1,500 மீட்டர் டெர்ஷியரி (கிரெட்டேசியஸுக்கு அடுத்த காலம்) படிவு உள்ளது. பிளவுக்கால (நிலம் பிளந்து படுகை உருவான காலம்) வெப்பப்பாய்வை, அதாவது அடியிலிருந்து ஏறிவரும் வெப்பத்தை, ஏற்றிவிடலாமா?

ஷேல்காரர்:
வேண்டாம். எண் அசையாததே துப்பு. 900 மீட்டர் போன இடத்தில் 1,500 மீட்டர் வந்து உட்கார்ந்துவிட்டது. அந்த ஷேலின் உச்ச வெப்பம் இன்றைய வெப்பம்தான். விட்ரினைட்டில் உச்சம்தான் பதிந்திருக்கும், அதற்கு முந்தையது அழிந்துவிடும். பிளவுக்காலத்தில் ஷேல் ஆழமாகப் புதையவே இல்லை, அப்போதே 0.95 எட்ட வேண்டுமென்றால் நம்பவே முடியாத வெப்பப்பாய்வு தேவைப்படும். சந்தேகப்பட வேண்டியது 122-ஐ. திருத்தாத அளவா?

மண்ணடி:
திருத்தவில்லை. துளையிடும் சேற்றின் சுழற்சி 4 மணி நேரம். அதை நிறுத்திய 6, 10, 15 மணி நேரத்தில் மூன்று லாக் ஓட்டம்: 122, 127.5, 130.5 டிகிரி.

ஹார்னர்_கோடு:
சுழலும் சேறு கிணற்றடியைக் குளிர்வித்துவிடும், முதல் ஓட்டத்தை அப்படியே போடக்கூடாது. (சுழற்சி நேரம் + நின்ற நேரம்) ÷ நின்ற நேரம் என்று கணக்கிட்டால் 1.67, 1.40, 1.27. இதை மடக்கை (logarithm) அச்சில் வைத்து வெப்பத்துக்கு எதிரே கோடு இழுத்து 1 வரை நீட்டினால் ஏறக்குறைய 138 டிகிரி. 16 டிகிரி வித்தியாசம்! இந்த ஹார்னர் முறையும் சற்றுக் குறைத்தே காட்டும். டிஎஸ்டி (பாறையின் திரவத்தைக் கிணற்றுக்குள் வரவிட்டுச் செய்யும் சோதனை) வெப்பம் இருந்தால் அதற்கே முதலிடம்.

138-க்குப் பொருத்தும்போது வெப்பப்பாய்வை மட்டும் திருகாதீர்கள். ஷேலின் வெப்பக் கடத்துதிறனைக் கூடுதலாகக் கொடுத்திருந்தாலும் இதே குறைதான் வரும். ஒரே ஆழத்து அளவால் இரண்டையும் பிரிக்க முடியாது; மேலே 1,500–2,000 மீட்டரிலும் வெப்பமோ விட்ரினைட்டோ வேண்டும்.

ஷேல்காரர்:
0.95 என்ற சராசரிக்குப் பின்னுள்ள தனித்தனி அளவுகளின் ஹிஸ்டோகிராமையும் பாருங்கள். பழைய பாறையிலிருந்து அடித்துவந்த விட்ரினைட் கலந்திருந்தால் சராசரி ஏறும். குறைந்த பக்கத்துக் குவியலே உள்ளூர்க்காரன், இந்த ஷேலுக்கே உரியது.

மண்ணடி:
138 போட்டதும் 0.92 வந்துவிட்டது. அப்படியானால் அரிப்பை 300 என்றே விடலாமா?

ஹார்னர்_கோடு:
இந்தக் கிணறு அதற்குச் சாட்சி சொல்லாது. டெர்ஷியரி மெலிந்திருக்கும் முகட்டுப் பக்கக் கிணற்றில் தேடுங்கள், சீஸ்மிக்கில் (நில அதிர்வலைப் படம்) அடுக்குகள் வெட்டுப்படும் கோணத்தையும் பாருங்கள். 300, 900 இரண்டையும் ஓட்டி வையுங்கள்: இன்றைய முதிர்ச்சி மாறாது, ஆனால் எண்ணெய் எப்போது வெளியேறத் தொடங்கியது என்பது மாறும். எண்ணெயைப் பிடித்துவைக்கும் பொறி அதற்கு முன் உருவானதா பின்னா என்பது அங்கேதான் தெரியும்.