பழைய துணிய குப்பையில போடாம குடுக்கறீங்களே, உங்கள எது குடுக்க வச்சது?

ஈசூன்_வாணி:
வணக்கம். தீபாவளிக்கு முன்னாடி அலமாரிய ஒழிச்சப்ப மூணு பெரிய பை துணி சேந்துச்சு, பிள்ளைங்க யூனிஃபார்ம், வீட்டுக்காரர் சட்டை, நான் கட்டாத பத்து பன்னெண்டு சேலை. மூணு மாசமா வாசப்பக்கமே கெடக்கு. 2022-ல சிங்கப்பூர்ல 2,54,000 டன் துணி, தோல் கழிவு சேந்துச்சாம், மறுசுழற்சி ஆனது வெறும் 2 சதவீதம்னு படிச்சதுல இருந்து வீட்டு குப்பைக்குழாய் சூட்ல தள்ளவும் மனசு ஒப்பல. குப்பைய எரிச்ச சாம்பல் கழிவு கொட்டற செமக்காவ் தீவுக்குத்தானே போகுது, அதுவும் 2035 வாக்குல நெறஞ்சிடும்ங்கறாங்க. ஆனா குடுக்கவும் கிளம்பல. குடுக்கறவங்க சொல்லுங்களேன்.

தெம்பினிஸ்_தம்பி:
எனக்கு தடையா இருந்தது தூரம்தான்க்கா. முன்னாடி இருந்த பிளாக்ல அஞ்சு வருஷம் எல்லாத்தையும் சூட்லதான் போட்டேன், இப்ப எம்ஆர்டி ரயிலுக்கு போற வழியிலயே பழைய துணி போடற பெட்டி இருக்கு, மாசம் ஒரு பை போடுறேன். நடுவுல எனக்கு யாரும் எதுவும் சொல்லித்தரல, பெட்டி பக்கத்துல வந்துச்சு, அவ்ளோதான். மூணு பை சேர விடாதீங்க, சின்னதா ஒரு பைய அலமாரி கதவுலயே மாட்டி வைங்க.

செங்காங்_மருமக:
எங்க வீட்ல அத்தைதான் விடமாட்டாங்க. உடுத்துன துணி முகம் தெரியாதவங்க கைக்கு போகக்கூடாதுன்னு சொல்லி சேலைய தூளிக்கு எடுத்து வைப்பாங்க, மீதிய கிழிச்சு கரித்துணி ஆக்கிடுவாங்க. அதை நான் தப்பு சொல்லமாட்டேன், அந்தக் காலத்து பருத்திக்கு அது சரி. இப்ப வர்ற பாலியஸ்டர் தண்ணியவே உறிஞ்சாது, கரித்துணிக்கும் ஆகாது! ஒருநாள் வாட்டர்லூ ஸ்ட்ரீட்ல பழைய துணி வாங்கி விக்கிற நியூ2யூ கடைக்கு கூட்டிட்டு போனேன், ஜனங்க ஆசையா புரட்டிப் பாத்து வாங்கறத கண்ணால பாத்தாங்க, அடுத்த வாரம் அவங்களே அயர்ன் பண்ணி மடிச்சு குடுத்தாங்க.

உட்லண்ட்ஸ்_அண்ணன்:
தூரம்லாம் அப்புறம்மா, நம்பிக்கை வேணும். 2023-ல வந்த செய்தி, ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்துக்காரங்க 11 ஜோடி பழைய ஷூவுக்குள்ள எங்க போகுதுன்னு காட்டற டிராக்கர் வச்சு இங்க சேகரிப்புப் பெட்டியில போட்டாங்க, மைதானத்துல ஓட்டப்பாதை போடறதுக்குன்னு சொல்லி வாங்கினது, சிலது இந்தோனேசியாவுல போய் நின்னுச்சு. அத படிச்சதுல இருந்து எங்க வீட்ல குடுக்கறதே நின்னு போச்சு. வெளிநாட்டுல வித்தா எனக்கு வருத்தமே இல்ல, யாராவது போட்டுக்கறாங்கல்ல. அத முன்னாடியே சொல்லணும். நல்லது விற்பனைக்கு, கிழிஞ்சது பட்டறையில எண்ணெய் துடைக்கன்னு பெட்டியிலயே எழுதி வச்சா நானே ஊர் பூரா சேத்து கொண்டுவந்து குடுப்பேன்.

ஈசூன்_வாணி:
அண்ணா சொன்னதுதான் எனக்குள்ளயும் இருந்திருக்கு, இப்பதான் புரியுது. இன்னைக்கே பைய பிரிச்சு காய வச்சிட்டேன், ஈரம் ஒண்ணுல இருந்தாலும் பை முழுக்க பூஞ்சை பிடிச்சிடும். சேலை மட்டும் தனியா மடிச்சு வைக்கிறேன். செங்காங் மருமக, அந்தக் கடை எத்தன மணிக்கு திறப்பாங்கம்மா?