மடிநோய்க்கு ஊசி மருந்துடன் மூலிகைப் பூச்சையும் சேர்த்துச் செய்யலாமா?

பாலக்கோடு வட்டாரத்தில் கறவை மாடு வளர்ப்போருக்கு வணக்கம். எங்கள் கலப்பினப் பசுவின் பின்காம்பு ஒன்று வீங்கிப் பால் திரிதிரியாக வருவதால், மருத்துவர் ஆன்டிபயாடிக் ஊசியும் காம்புக்குள் ஏற்றும் மருந்தும் கொடுத்து வருகிறார்; அதை இடையில் நிறுத்தும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. அதனுடன், சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்த விழுதை, முழுவதும் கறந்து மடியைக் கழுவிய பின் நீரில் கரைத்துப் பூச விரும்புகிறேன். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்கள், காம்புக்குள் மருந்து ஏற்றியபின் எவ்வளவு நேரம் கழித்துப் பூசினீர்கள், சுண்ணாம்பினால் தோல் எரிந்ததா என்று அன்புகூர்ந்து கூறுங்கள். மூலிகை பூசினாலும் பாலில் மருந்து தங்கும் என்பதால், அந்தப் பாலைச் சங்கத்திற்கு ஊற்றவில்லை. வீக்கம் அடங்காவிட்டால், எந்த மருந்து கேட்கும் என்று அறியப் பால் மாதிரியைத் தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ எங்கே கொடுக்கலாம் என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.