சூடானதும் நின்றுவிடும் பெட்ரோல் ரம்பம்: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். ஒடுகத்தூர் அருகே எங்கள் தோப்பில் சாய்ந்த புளியமரங்களை அறுக்க வைத்திருக்கும் டூ ஸ்ட்ரோக் ரம்பம், காலையில் இரண்டாவது இழுப்பிலேயே கிளம்பினாலும், பத்து நிமிடம் ஓடிச் சூடானதும் நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் ஆறிய பிறகே மீண்டும் ஓடுகிறது. பெட்ரோல் ஃபில்டரையும் ஸ்பார்க் பிளக்கையும் மாற்றி, பிளக் இடைவெளியை 0.5 மி.மீ. வைத்தேன். டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்குமோ என்று மூடியைத் தளர்த்திப் பார்த்தும் பயனில்லை. நின்ற கையோடு கழற்றிய பிளக் பெட்ரோலில் நனைந்திருந்தது; அதைத் துடைத்து, பிளக் துளையிலிருந்து தள்ளி வைத்துக் கயிற்றை இழுத்தால் பொறி மங்கலான மஞ்சளாகவும், ஆறிய பின் பளிச்சென்ற நீலமாகவும் தெரிந்தது. ஆகவே பிளக்கில் பொறி வர உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயில்தான் பழுது என்பது என் கணிப்பு. மெக்கானிக்கோ கார்புரேட்டர் டயாஃப்ரத்தை (பெட்ரோல் வரத்தைக் கட்டுப்படுத்தும் மெல்லிய சவ்வு) மாற்றச் சொல்கிறார் (செலவு என்னுடையதல்லவா!). காயிலுக்கும் காந்தம் பதித்த சுழல்சக்கரமான ஃப்ளைவீலுக்கும் நடுவிலுள்ள இடைவெளி கூடியிருந்தாலும் இப்படி ஆகுமா? வேலூரிலோ குடியாத்தத்திலோ நல்ல காயில் கிடைக்கும் கடை தெரிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.